அணியின் பெயரும் அணியின் பணியும்: தற்குறிப்பேற்றத்தை முன்வைத்து ஒரு மதிப்பீடு

முன்னுரை

தமிழ் இலக்கியத்தைக் கற்பிக்கும் எவரும் அணியிலக்கணத்தைத் தவிர்த்துச் செல்ல இயலாது. உவமை, உருவகம், தற்குறிப்பேற்றம், வேற்றுமை, வஞ்சப்புகழ்ச்சி எனப் பெயர்கள் நீண்டு செல்கின்றன. ஒவ்வொரு பெயருக்கும் ஓர் இலக்கணம் உண்டு. ஒவ்வோர் இலக்கணத்திற்கும் வழிவழியாக எடுத்தாளப்பெறும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. மாணவர் இம்மூன்றையும் மனனம் செய்கின்றனர். தேர்வில் ஒரு செய்யுட்பகுதி தரப்படுகிறது. அதில் பயின்று வந்துள்ள அணியின் பெயரை எழுதி, இலக்கணத்தைக் கூறி, இரண்டையும் பொருத்திக் காட்டினால் விடை முழுமை பெற்றதாகக் கொள்ளப்படுகிறது.

இம்முறை பிழையானது என்பது நம் கருத்தன்று. பெயர் தெரியாத ஒன்றைப் பற்றி உரையாடுவது கடினம். ஆயினும், பெயரைக் கண்டறிவதோடு வாசிப்பு முடிந்துவிடுகிறதா, அல்லது அங்கிருந்துதான் தொடங்குகிறதா என்னும் வினா எஞ்சி நிற்கிறது. ஓர் அணி அது வரும் இடத்தில் என்ன பணி செய்கிறது என்பதைக் கூறாத விளக்கம், அவ்வணியை விளக்கியதாகாது என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு. இதனை நிறுவத் தற்குறிப்பேற்றம் என்னும் ஓர் அணியை முதன்மையாகவும், உவமையையும் வஞ்சப்புகழ்ச்சியையும் துணையாகவும் எடுத்துக்கொள்கிறோம். எடுத்துக்காட்டுகள் அனைத்தும் ஆசிரியர் யாவரும் நன்கு அறிந்தவையே. அறிந்தவற்றை மீண்டும் நோக்குவதால் மட்டுமே இக்கருத்தைச் சோதிக்க முடியும்.

கொடி ஒன்று, குறிப்பு இரண்டு

தற்குறிப்பேற்றத்திற்கு இரு சான்றுகள் பெரிதும் வழக்கில் உள்ளன. ஒன்று சிலப்பதிகாரத்து மதுரைக் காண்டத்தில் புறஞ்சேரி இறுத்த காதையில் வருவது. கோவலனும் கண்ணகியும் மதுரையை நெருங்குகையில், மதில்மேல் அசையும் கொடிகள் அவர்களை வரவேண்டா என்று கைகாட்டித் தடுப்பன போல அசைந்தன என்கிறார் இளங்கோவடிகள். மற்றொன்று கம்பராமாயணத்துப் பால காண்டத்தில் மிதிலைக் காட்சிப் படலத்தின் தொடக்கத்தில் வருவது. விசுவாமித்திரருடன் இராமனும் இலக்குவனும் மிதிலையை அடைகையில், அந்நகரம் கொடிகளாகிய கைகளை நீட்டி இராமனை விரைந்து வருமாறு அழைப்பது போன்றிருந்தது என்கிறார் கம்பர்.

இவ்விரு இடங்களுக்கும் நம் மாணவர் எழுதும் விளக்கம் பெரும்பாலும் ஒன்றாகவே அமைகிறது. கொடிகள் காற்றில் அசைவது இயல்பு; அவ்வியல்பான நிகழ்ச்சியின்மீது கவிஞர் தம் குறிப்பை ஏற்றிக் கூறியுள்ளார்; ஆகவே இது தற்குறிப்பேற்ற அணி. இவ்விளக்கத்தில் குறை காண முடியாது. எனினும், சிலப்பதிகாரத்திற்கு எழுதிய விடையை எடுத்துக் கம்பராமாயணத்திற்கு வைத்தாலும் ஒரு சொல்லையும் மாற்ற வேண்டியதில்லை என்பதை நாம் கருத வேண்டும். இரு வேறு காப்பியங்களின் இரு வேறு தருணங்களுக்கு ஒரே அளவில் பொருந்தும் விளக்கம், அவ்விரண்டில் எதனையும் விளக்கவில்லை என்பதே உண்மை. ஒரு கொடி அழைக்கிறது, மற்றொன்று தடுக்கிறது. அழைப்புக்கும் தடுப்புக்கும் உள்ள தொலைவு மணவினைக்கும் கொலைக்களத்திற்கும் உள்ள தொலைவாகும். அணியின் பெயர் அத்தொலைவை அளப்பதில்லை.

எதிரெதிரான குறிப்புகள் என்பதோடு வேறுபாடு முடிவதும் இல்லை. கம்பரின் அடுத்த பாடலில் மாடங்களின்மேல் ஆடும் கொடிகளை வந்தோர் கண்டனர் என்றே கூறப்படுகிறது. அங்கு கொடியும் காண்போரும் ஒரே மகிழ்ச்சியில் பங்குபெறுகின்றனர். நகரம் அழைக்கிறது, அழைக்கப்படுவோர் அதனை நோக்குகின்றனர், கற்போரும் நிகழவிருக்கும் திருமணத்தை எண்ணி உவக்கின்றனர். மூவகையினரும் ஒரு திசையில் செல்கின்றனர். சிலப்பதிகாரத்தில் நிலைமை முற்றிலும் வேறானது. அங்கு கொடிகள் தடுக்கின்றன. தடுக்கப்படுவோர் அதனை உணரவில்லை. கற்போர் மட்டும் உணர்கின்றனர். இவ்வுணர்வு வேறுபாடே அக்காட்சியின் உயிர். இதனைக் காண, கொடியைக் கூறும் அடிகளை அவற்றின் சூழலில் வைத்து நோக்க வேண்டும்.

தனித்தெடுத்த அடியும் தொடர்ந்து செல்லும் காட்சியும்

இலக்கண நூல்களும் பாடநூல்களும் கொடி பற்றிய அடிகளை மட்டும் தனித்தெடுத்துத் தருகின்றன. காப்பியத்தில் அவை ஒரு தொடரின் இறுதிக் கண்ணியாகவே அமைந்துள்ளன.

முதலில் வையை வருகிறது. கரையோர மரங்களின் மலர்கள் நீர்ப்பரப்பை மறைத்துக் கிடக்கின்றன. வையை என்னும் பெண், கண்ணகிக்கு நேரப்போவதை அறிந்தவள்போல, மலராடையைப் போர்த்திக்கொண்டு தன் கண்ணீரை மறைத்து அடக்கினாள் என்று இளங்கோவடிகள் கூறுகிறார். அடுத்து, அகழியில் பூத்த குவளையும் ஆம்பலும் தாமரையும், கணவனும் மனைவியும் அடையவிருக்கும் துயரை ஐயமின்றி அறிந்தனபோல் கண்ணீர் கொண்டு நடுங்கின என்கிறார். வண்டுகளின் ஒலி அங்கு அழுகையாகிறது. அதன் பின்னரே மதிற்கொடிகள் கைகாட்டித் தடுக்கின்றன.

இம்மூன்றையும் வரிசையில் நோக்கினால் ஒரு வளர்ச்சி புலனாகிறது. ஆறு தன் துயரை மறைக்கிறது. அகழி மலர்கள் துயரை மறைக்க இயலாமல் அழுகின்றன. கொடிகள் அழுகையையும் கடந்து வெளிப்படையாக எச்சரிக்கின்றன. மறைத்தல், வெளிப்படல், தடுத்தல் என மூன்று படிகள் அமைந்துள்ளன. நகரம் நெருங்க நெருங்க எச்சரிக்கையின் குரலும் உயர்கிறது. மூன்றாம் படியை மட்டும் தனித்தெடுத்துத் தரும்போது மாணவர் காண்பது ஓர் அழகிய கற்பனையை மட்டுமே. முதலிரு படிகளோடு சேர்த்து நோக்கும்போதுதான் அது கடைசி எச்சரிக்கை என்பது தெரிகிறது.

இத்தொடரில் மேலும் நுட்பமான ஓரிடம் உண்டு. வையையைக் கண்ட கோவலனும் கண்ணகியும் அதனை நீரோடும் ஆறாகக் காணாமல் பூக்கள் ஓடும் ஆறாகக் கண்டு வியந்து வணங்குகின்றனர். பின்னர்க் கவுந்தியடிகளுடன் மரப்புணையில் ஏறித் தென்கரை அடைகின்றனர். கண்ணீரை மறைக்க ஆறு எதனைப் போர்த்திக்கொண்டதோ, அதனையே அவர்கள் அழகெனப் போற்றுகின்றனர். போர்வை தன் பணியைச் செவ்வனே செய்துவிட்டது. உண்மையை அறிந்த ஆறு மறைக்கிறது. அறியாத மாந்தர் மறைப்பை வணங்குகின்றனர். ஒரே மலர்ப்பரப்பு கூற்றுநிலையில் ஒரு பொருளையும் பாத்திரநிலையில் வேறொரு பொருளையும் தருகிறது. இவ்விரண்டிற்கும் இடையே நிற்கும் கற்போர்தாம் அவலத்தைச் சுமக்கின்றனர்.

இக்காதையின் முற்பகுதியும் இதற்கு அரண் செய்கிறது. கௌசிகன் கொணர்ந்த மாதவியின் ஓலையைக் கோவலன் பெறுகிறான். அவள்மீது கொண்ட சினம் தணிகிறான். பின் வழியில் பாணர்களோடு கூடி யாழிசைத்து மகிழ்கிறான். மதுரை இன்னும் எவ்வளவு தொலைவு என வினவுகிறான். நகரின் மணங்களைச் சுமந்துவரும் தென்றலைச் சுட்டி, மதுரை அண்மையில் உள்ளது என்று பாணர்கள் கூறுகின்றனர். அங்கு மதுரையின் காற்று இன்ப வரவேற்பு. சிறிது நேரத்திற்குப்பின் அந்நகரின் மதிலில் காற்றால் அசையும் கொடிகள் தடுக்கும் கைகள். மனிதர் காற்றை வரவேற்பாகப் படிக்கின்றனர். மனிதரல்லாதவை அதனையே தடையாகக் காட்டுகின்றன. இரண்டும் ஒரே காதைக்குள் அடுத்தடுத்து வைக்கப்பட்டிருப்பதைத் தற்செயல் என்று நம்மால் கொள்ள இயலவில்லை.

எச்சரிப்பது எது என்பதும் கருதத்தக்கது. அவை போரில் ஈட்டிய வெற்றிக்கு அடையாளமாக அரண்மேல் எடுக்கப்பட்ட கொடிகள். பாண்டியனின் பெருமிதச் சின்னங்கள். பின்னர் வழக்குரை காதையில் நீதி தவறியதை உணர்ந்து உயிர்விடப் போகும் மன்னனின் வெற்றிச் சின்னமே, அந்நகருக்குள் வரவேண்டா என்று கூறுகிறது. கொடிக்குப் பகரமாக ஒரு மரக்கிளை அசைந்து தடுத்திருந்தாலும் இலக்கணப்படி அது தற்குறிப்பேற்றமே. ஆனால் இப்பொருளை அது தந்திருக்காது.

'தன்' குறிப்பு: யாருடைய குறிப்பு?

தண்டியலங்காரம் இவ்வணிக்குத் தரும் விளக்கம், இயங்கும் பொருளிலும் இயங்காப் பொருளிலும் இயல்பாக நிகழும் நிகழ்ச்சியை விடுத்துக் கவிஞன் தான் கருதிய வேறொன்றை ஏற்றிச் சொல்வது என்பதாகும். பெயரிலேயே 'தன்' என்னும் சொல் அமைந்துள்ளது. அது கவிஞனைக் குறிக்கிறது. மேற்கண்ட காட்சியை வைத்து நோக்கின், அச்சிறு சொல்லே நாம் மேலும் வினவ வேண்டிய இடமாகிறது. கவிஞன் ஏற்றும் குறிப்பைக் காப்பியத்துள் யார் அறிகின்றனர்? யாருக்கு அது மறைக்கப்படுகிறது?

இவ்விடத்தில் மேலைத் திறனாய்வில் பெயர்பெற்ற ஒரு கருத்தை ஒப்பிடுவது பயன் தரும். 1856இல் வெளிவந்த 'நவீன ஓவியர்கள்' என்னும் நூலின் மூன்றாம் தொகுதியில் ஜான் ரஸ்கின், இயற்கைக்கு மனித உணர்வை ஏற்றிக் கூறும் போக்கை ஆராய்ந்தார். மிகுந்த உணர்ச்சிக்கு ஆட்பட்ட மனம் புறப்பொருள்களை உள்ளவாறு காண இயலாமல் திரித்துக் காண்கிறது என்பது அவர் கருத்து. அவர் இதற்கு இட்ட பெயரைத் தமிழில் 'உணர்ச்சிவழிப் பொய்த்தோற்றம்' எனக் கூறலாம். துயருற்றவனுக்குக் கடலும் கொடியதாகத் தோன்றும் என்பது போன்ற இடங்களுக்கு அவர் விளக்கம் நன்கு பொருந்தும்.

தற்குறிப்பேற்றத்தையும் இதனையும் ஒன்றெனக் கூறிவிடும் ஒப்பீடுகள் உண்டு. சிலப்பதிகாரக் காட்சி அதற்கு இடம் தரவில்லை. ரஸ்கின் கூறும் திரிபுக்கு, காண்பவர் உள்ளத்தில் முன்னரே ஓர் உணர்ச்சி கொந்தளிக்க வேண்டும். இங்கு காண்போராகிய கோவலனும் கண்ணகியும் துயரில் இல்லை. வழிநடை வருத்தம் தீர்ந்து நகர் அடையும் ஆறுதலில் உள்ளனர். இயற்கை அவர்களுடைய உணர்வைப் பிரதிபலிக்கவில்லை. அவர்களிடம் இல்லாத அறிவைக் கொண்டுள்ளது. ரஸ்கினின் நோக்கில் உணர்ச்சி காண்பவரிடமிருந்து பொருளுக்குச் செல்கிறது. இளங்கோவடிகளிடமோ, பொருளிடம் உள்ள அறிவு காண்பவரை எட்டாமல் கற்பவரை அடைகிறது. வெளித்தோற்றத்தில் ஒன்றுபோல் தோன்றும் இரண்டு உத்திகள் எதிரெதிர்த் திசையில் இயங்குகின்றன. பெயரை மட்டும் ஒப்பிடுவோர் இத்திசையைக் காணத் தவறுவர்.

தொல்காப்பியர் எழுப்பும் வினா

அணியை அதன் பணியால் அறிய வேண்டும் என்பது புதுக்கருத்தன்று. தொல்காப்பியப் பொருளதிகாரம் மெய்ப்பாட்டியலை அடுத்து உவமவியலை வைக்கிறது. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்னும் எண்வகை மெய்ப்பாடுகளைக் கூறிய பின்னரே உவமம் பேசப்படுகிறது. உவமத்தை வினை, பயன், மெய், உரு என நான்காகப் பகுக்கும் தொல்காப்பியர் அப்பகுப்போடு நின்றுவிடவில்லை. உவமத்தில் தோன்றும் பெருமையும் சிறுமையும் எண்வகை மெய்ப்பாட்டின் வழியாகவே அறியப்படும் என்றும் கூறுகிறார். பெரியது எது, சிறியது எது என்பதை அளக்கும் கோல் உணர்வே என்பது இதன் கருத்தாகலாம்.

இதனைக் கொடிக்காட்சிகளில் பொருத்திப் பார்க்கலாம். அசையும் கொடியை அசையும் கையோடு இணைப்பதால் இரண்டிலும் வினையே அடிப்படை. பகுப்பு அளவில் இரண்டும் ஒன்றே. மெய்ப்பாட்டை நோக்கினால் கம்பரில் உவகையும் இளங்கோவடிகளில் அச்சமும் அழுகையும் தோன்றுகின்றன. அதிலும், சிலப்பதிகாரத்தில் அம்மெய்ப்பாடு பாத்திரங்களிடம் தோன்றாமல் கற்போரிடம் தோன்றுகிறது. தொல்காப்பியரின் இரு அளவைகளையும் சேர்த்துப் பயன்படுத்தும்போது மட்டுமே வேறுபாடு துலங்குகிறது.

உள்ளுறை பற்றி அவர் கூறும் மற்றொரு விதியும் இங்கு முதன்மை பெறுகிறது. தலைவி உள்ளுறை கூறுவாளாயின் அவள் அறிந்த பொருள்களைக் கொண்டே கூற வேண்டும்; தோழி தான் வாழும் நிலத்தைக் கடந்து கூறலாகாது; தலைவன் கூற்றில் உரன் தோன்ற வேண்டும்; பிறருக்கு இத்தகைய இட வரையறை இல்லை. உவமை எதனை எதனோடு ஒப்பிடுகிறது என்பதற்கு இணையாக, அதனைக் கூறுபவர் யார், அவர் எதனை அறிந்திருக்கக் கூடும் என்னும் வினாவையும் இவ்விதி எழுப்புகிறது. 'தன்' குறிப்பு யாருடையது என நாம் மேலே எழுப்பிய வினாவிற்குத் தொல்காப்பிய மரபில் வேர் உண்டு என்பது இதனால் தெளிவாகிறது.

ஐந்தடிப் பாடலில் ஓர் உவமை

இவ்விதி உள்ளுறைக்கு உரியதாயினும், வெளிப்படை உவமைகளை வாசிக்கவும் துணை செய்யும் என்பது நம் துணிபு. கபிலர் பாடிய குறுந்தொகை 25ஆம் பாடல் இதற்குத் தக்க சான்று. திருமணம் நீட்டிக்கப்படும் நிலையில் தலைவி தோழியிடம் கூறுவதாக அமைந்த பாடல் அது. தன்னைத் தலைவன் கூடிய நாளில் வேறு எவரும் அங்கு இல்லை. அவன் சொல் பொய்த்தால் தான் என்ன செய்ய இயலும். ஓடும் நீரில் ஆரல் மீனை எதிர்நோக்கி நின்ற குருகு ஒன்றுதான் அங்கு இருந்தது என்கிறாள். அக்குருகின் மெல்லிய பசிய கால்களுக்குத் தினைப்பயிரின் தண்டு உவமையாகிறது.

பாடலில் உள்ள வெளிப்படை உவமை அவ்வொன்றே. மெலிவால் மெய்யுவமம், பசுமையால் உருவுவமம். வகுப்பறை விளக்கம் இத்துடன் நிறைவுபெறும். ஆனால் இங்கு கேட்க வேண்டிய வினா வேறு. தன் வாழ்வே கேள்விக்குறியாகி நிற்கும் ஒரு பெண், ஒரு பறவையின் காலை இவ்வளவு நுணுகி நினைவுகூர்வது ஏன்?

தினைப்புனம் அவள் அன்றாடம் பழகிய இடம். குருகின் காலைக் கண்டபோது தினைத்தண்டு நினைவில் எழுவது அவளுக்கு இயல்பு. கூறுபவர் அறிந்த பொருள் என்னும் வரையறை இங்கு முழுமையாக நிறைவேறுகிறது. அதற்கும் மேலாக, சான்று தேடும் மனம் நினைவின் ஒவ்வோர் இழையையும் துருவிப் பார்க்கிறது. அன்று யார் இருந்தார்கள் என எண்ணியெண்ணிப் பார்த்தவளுக்கு அகப்பட்டது ஒரு பறவை. அதன் கால்களின் தோற்றம் வரை நினைவில் நிற்கிறது. அப்பறவையோ சான்று கூறாது. தன் இரையிலேயே கருத்தாக இருந்தது. நினைவு எவ்வளவு துல்லியமோ, சான்று அவ்வளவு பயனற்றது. உவமையின் நுட்பம் அவளது கையறுநிலையின் அளவாகிறது. உவமையை நீக்கிக் குருகு ஒன்று இருந்தது என்று மட்டும் கூறியிருந்தால் செய்தி குறைந்திருக்காது. அவளது நெஞ்சம் நமக்குத் தெரிந்திருக்காது.

அணி தேவையாகும் இடம்

அணி என்னும் சொல்லே அணிகலனை நினைவூட்டி, அது நீக்கத்தக்க ஒன்று என்னும் எண்ணத்தைத் தோற்றுவிக்கிறது. ஔவையாரின் புறநானூறு 95ஆம் பாடல் இவ்வெண்ணத்தை மறுக்கிறது. அதியமான் நெடுமான் அஞ்சியின் தூதுவராகத் தொண்டைமானிடம் சென்றபோது, அவன் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்ட, ஔவையார் பாடியதாகக் குறிப்பு உள்ளது. தொண்டைமானின் படைக்கருவிகள் மயிற்பீலியும் மாலையும் சூடி, நெய் பூசப்பெற்று, காவல் மிக்க மனையில் உள்ளன. அதியமானின் வேல்களோ பகைவரைக் குத்தியதால் நுனி சிதைந்து கொல்லனின் சிறிய பட்டறையில் கிடக்கின்றன என்பது பாடற்பொருள்.

வஞ்சப்புகழ்ச்சி என்று பெயரிட்டு இதனை நாம் கற்பிக்கிறோம். புகழ்வதுபோல் பழித்தல் ஒருபுறம். பழிப்பதுபோல் புகழ்தல் மறுபுறம். ஆனால் பாடலைக் கூர்ந்து நோக்கினால், தொண்டைமானைப் புகழும் சொல்லோ பழிக்கும் சொல்லோ அதில் இல்லை. கண்ணெதிரே உள்ளவற்றைச் சுட்டி இவை இவ்வாறு உள்ளன என்றும், அங்குள்ளவை அவ்வாறு உள்ளன என்றும் கூறுவதோடு நிற்கிறார். இறுதியில் தம் மன்னனின் ஈகையைச் சேர்க்கிறார். முடிவைக் கேட்பவனே எட்ட வேண்டும்.

இவ்வாறு பாட வேண்டிய தேவை என்ன? அவர் நிற்பது பகைவனின் கொட்டிலில். வந்த பணி தூது. வெளிப்படையாக இகழ்ந்தால் தூது முறியும். இகழாமல் விட்டால் தொண்டைமானின் செருக்கு தணியாது. இவ்விரு இடர்களுக்கும் இடையே செல்லக்கூடிய வழி இவ்வுத்தி ஒன்றே. இங்கு அணி பாடலுக்கு மேலே பூட்டப்பட்ட நகையன்று. தூதுவர் கையில் உள்ள கருவி. அதனை நீக்கினால் பாடல் அழகு குறைந்து நிற்காது; பாடலே இருக்காது.

தண்டியாசிரியர்மேல் பழி உண்டா?

இதுகாறும் கூறியதைக் கொண்டு, தொல்காப்பிய மரபு உணர்வை நோக்கியது, தண்டியலங்கார மரபு பட்டியலை நோக்கியது என்று எளிதாக முடிவுகட்டிவிடலாம். பேராசிரியரும் உவமவியல் உரையின் இறுதிப் பகுதியில், உவமம் முதலியவற்றைப் பிரித்தெடுத்துச் செய்யுளுக்கு அணியென நூல் செய்தாரை மறுத்துரைக்கிறார். அவரது மறுப்பில் ஆழ்ந்த நியாயம் உண்டு. ஆயினும் முழுப்பழியையும் தண்டியலங்காரத்தின்மேல் சுமத்துதல் முறையாகாது.

வடமொழித் தண்டியின் காவியாதரிசத்தைத் தழுவி எழுந்த அந்நூல் பொதுவணியியல், பொருளணியியல், சொல்லணியியல் என மூன்று பகுதிகளைக் கொண்டது. பொருளணியியலில் கூறப்பெறும் 35 அணிகளுள் முதலில் நிற்பது தன்மையணி. உள்ளதை உள்ளவாறு கூறுவதும் அணியே என்பது இதனால் பெறப்படும். இறுதியில் நிற்பது பாவிகம். அது தனிச் செய்யுளில் அமைவதன்று. காப்பியம் முழுவதும் ஊடுருவி நிற்கும் பண்பு. தனியணிகள் அனைத்தையும் கூறி முடித்த ஆசிரியர், முழுமையை நோக்குமாறு கற்போரைத் திருப்பிவிடுவதாக இவ்வைப்புமுறையை நாம் கொள்ளலாம். சிலப்பதிகாரக் கொடியைப் பாவிகத்தின் ஒளியில் வாசித்திருந்தால், ஆற்றையும் அகழியையும் விட்டுவிட்டுக் கொடியை மட்டும் எடுத்திருக்க மாட்டோம். ஆகவே குறை நூலில் இல்லை. முப்பத்தைந்தில் சிலவற்றை மட்டும் தெரிந்து, அவற்றையும் சூழலிலிருந்து பெயர்த்தெடுத்துப் பயிற்றும் நம் பழக்கத்திலேயே உள்ளது.

வகுப்பறையில் செய்யத்தக்கது

மலேசியத் தொடக்கப்பள்ளித் தமிழ்மொழிப் பாடத்திட்டத்தில் செய்யுளும் மொழியணியும் ஒரு தனிக்கூறாக உள்ளன. உவமைத்தொடர், இணைமொழி, இரட்டைக்கிளவி, மரபுத்தொடர், பழமொழி ஆகியவற்றை மாணவர் இளமையிலேயே கற்கின்றனர். இது ஒரு நல்வாய்ப்பு. அதேவேளையில், தொடரும் பொருளும் என இரு நிரல்களாக மனனம் செய்யும் பழக்கம் தொடங்குவதும் அங்குதான்.

'இலைமறை காய்போல' என்னும் தொடரை எடுத்துக்கொள்வோம். வெளிப்படாமல் மறைந்திருத்தல் என்பது பொருள். இதனை ஓர் ஆசிரியர் தம் மாணவனைப் பற்றிக் கூறினால் அது பாராட்டு. அம்மாணவன் தன்னைப் பற்றியே கூறிக்கொண்டால் அது தற்பெருமை. ஒருவர் தம்முடன் போட்டியிடுபவரைப் பற்றிக் கூறினால் அதில் ஏளனமும் கலந்திருக்கக்கூடும். பொருள் மாறவில்லை, கூறுபவர் மாறியதும் பணி மாறிவிட்டது. தொல்காப்பியரின் கூற்றுவரையறையைப் பத்து வயது மாணவருக்கும் இவ்வாறு உணர்த்த முடியும். அவர்களிடம் நூற்பாவைக் கூற வேண்டியதில்லை.

உயர்நிலையில், ஓர் அணியை அடையாளம் கண்டபின் மூன்று வினாக்களைத் தொடர்ந்து எழுப்பலாம். இதனைக் கூறுபவர் யார், அவர் இதனை அறிந்தது எவ்வாறு? காட்சியில் உள்ளோர் இவ்வணி உணர்த்துவதை அறிவார்களா, அல்லது கற்போர் மட்டுமே அறிவார்களா? இவ்வணியை நீக்கிச் செய்தியை மட்டும் கூறினால் இழக்கப்படுவது எது? மூன்றாம் வினாவிற்கு விடை கூற இயலாதபோது, ஒன்று அவ்வணி வெற்று அலங்காரமாக இருக்கலாம். அல்லது நம் வாசிப்பு இன்னும் முடியாதிருக்கலாம். எது என்று தேடுவதே திறனாய்வுப் பயிற்சி.

இத்தகைய வினாக்களுக்கு ஒருமித்த விடை அமையாது. மதிப்பெண் வழங்குவது கடினமாகும் என்று ஆசிரியர் கூறுவது நியாயமே. பெயர் காணும் வினாவிற்குச் சரி, பிழை என இரண்டே விடைகள். பல நூறு விடைத்தாள்களைத் திருத்த வேண்டியவருக்கு அது பெரும் உதவி. இதற்கு நாம் முன்வைக்கும் வழி ஒப்பீடு. ஒரே அணி அமைந்த இரண்டு பகுதிகளைத் தந்து, அவ்வணி இரண்டிலும் செய்யும் பணி எவ்வாறு வேறுபடுகிறது என வினவலாம். பெயரும் இலக்கணமும் இரண்டுக்கும் பொது என்பதால், அவற்றை எழுதுவதால் மட்டும் விடை நிறைவு பெறாது. மாணவர் செய்யுளுக்குள் சென்றே ஆக வேண்டும். வேறுபாட்டிற்குச் செய்யுளிலிருந்து சான்று காட்டினாரா என்பதை அளவுகோலாகக் கொள்ளின் மதிப்பீடும் சீராக அமையும். மதுரைக் கொடியும் மிதிலைக் கொடியும் இதற்கு ஆயத்தமாகவே உள்ளன.

முடிவுரை

இக்கட்டுரையில் கண்டவற்றை இவ்வாறு தொகுக்கலாம். தற்குறிப்பேற்றம் என்னும் ஒரே பெயர் தாங்கிய இரு காட்சிகள் எதிரெதிர்ப் பணிகளைச் செய்கின்றன. சிலப்பதிகாரக் கொடி, வையை தொடங்கி வளர்ந்துவரும் எச்சரிக்கையின் உச்சம். அதனைப் பாத்திரங்கள் உணராமையே அதன் ஆற்றல். குறுந்தொகை உவமை கூறுபவரின் கையறுநிலையை அளக்கிறது. புறநானூற்று வஞ்சப்புகழ்ச்சி தூதுவரின் இடர்நிலையிலிருந்து பிறக்கிறது. இவற்றுள் எதுவும் பெயரிடுவதால் மட்டும் விளங்கவில்லை. பெயரிடாமல் விளக்குவதும் எளிதாக இருந்திருக்காது.

நம் மாணவருள் பெரும்பாலோர் பள்ளியை விட்டபின் இளங்கோவடிகளை மீண்டும் திறக்கப் போவதில்லை. ஆனால் புகழ்வதுபோல் பழிப்போரையும், மலர்போர்த்திய செய்திகளையும், தாம் அறியாத ஒன்றை அறிந்து பேசுவோரையும் அவர்கள் நாள்தோறும் எதிர்கொள்வர். அப்போது அணியின் பெயர் நினைவில் இல்லாமற் போகலாம். இதைச் சொல்பவர் யார், இங்கு எது மறைக்கப்படுகிறது என்று கேட்கும் பழக்கம் எஞ்சியிருக்குமாயின், அணியிலக்கணம் அவர்களுக்குப் பயன்பட்டது என நாம் கொள்ளலாம். அப்பழக்கத்தை ஊட்டும் பொறுப்பு ஆசிரியராகிய நம்முடையது.